புகையைப் பிடித்தார்களாம்! கணக்கு எங்கே?

உத்திரமேரூரில் கூட்டம் முடிந்து பேருந்துக்காகக் காத்திருந்தோம். நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் தோழர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். கொத்து வேலை செய்பவர். மாலையில் தோரணம் கட்டியவரும் அவரே, இரவில் கடைசி நாற்காலியை மடக்கி வைத்தவரும் அவரே.

"மேடையில எல்லாம் பேசினீங்க அண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அனல் மின் நிலையத்துப் புகையை வெளியே விடாம பிடிச்சு, சோடா உப்பா மாத்துறாங்களாமே தூத்துக்குடியில! எம் மவன் படிச்சுச் சொன்னான். அப்படின்னா, எண்ணூர்க்காரன் பொழைச்சானா?"

அவருடைய மைத்துனர் சென்னைக்கு வடக்கே ஓர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி. சாம்பல் அள்ளும் வேலை. காலையில் மனிதனாகப் போகிறவர் மாலையில் திருநீற்று மலையாகத் திரும்புகிறார் என்று தோழர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி சிறியது. பதிலோ, "ஆம்" என்றால் பொய்யாகும். "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்தால் பாதி உண்மையாகும். தேநீர் ஆறும்வரை பேசியும் தீரவில்லை. தீராததை இங்கே எழுதுகிறோம். அவருக்கு மட்டுமல்ல, புகைபோக்கியின் நிழலில் குடியிருக்கும் எல்லாத் தோழர்களுக்கும்.

சேதி உண்மைதான். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் என்னும் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் கருவி 2016-இல் வந்தது. 2017 சனவரியில் உலக ஏடுகள் அதைப் பெரிதாக எழுதின. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இந்திய இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் முறை அது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திறன். அரசாங்க மானியம் இல்லாமலே கட்டினோம் என்றார்கள். பிடித்த வாயுவோடு உப்பும் அமோனியாவும் சேர்ந்தால் சோடா கிடைக்கும். ஆப்பத்துக்குப் போடும் சோடா அல்ல தோழரே, ஆலைக்காரர்கள் சோடா ஆஷ் என்று சொல்லும் சலவைச் சோடா. கூடவே அமோனியம் குளோரைடு உரமும் கிடைக்கும். கழிவென்று வானத்தில் விட்டதைக் காசாக்கிய அறிவைப் பாராட்டுகிறோம். தமிழ் மண்ணில் நடந்தது என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் மகிழ்ச்சிக்கும் ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் நிறுவப்பட்டவை 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. ஆக நாளொன்றுக்கு 5,000 டன். சோடா ஆலை ஓராண்டு முழுவதும் பிடிக்கக்கூடிய 60,000 டன்னை, அந்த ஒற்றை அலகு பன்னிரண்டே நாளில் விட்டுத் தள்ளிவிடும்!

சரி, பிடித்த அந்த 60,000 டன்னாவது பிடிபட்டபடியே இருக்கிறதா? சலவைச் சோடா எங்கே போகிறது? கண்ணாடி ஆலைக்குப் போகிறது. அங்கே மணலோடு சேர்த்து உலையில் உருக்குகிறார்கள். உருகும்போது சோடாவுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு மறுபடி வெளியே வந்து வானம் ஏறுகிறது. தூத்துக்குடியில் கைதானவன் வேறோர் ஊரில் விடுதலை! வேறு வழியில் சோடா செய்திருந்தால் அதற்கென்று தனியே சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு வாயு எடுத்திருப்பார்கள்; அது மிச்சம். அந்த மிச்சத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் வேறு, ஒழிப்பு வேறு.

ஆலகால நஞ்சை விழுங்கிக் கழுத்திலே நிறுத்திக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நாடு இது. அதனால்தானோ என்னவோ, புகைபோக்கியின் கழுத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டால் நஞ்சு தீர்ந்தது என்று நம்புவதற்கு நமக்கு நெடுநேரம் ஆவதில்லை. கதையில் நஞ்சு கழுத்தோடு நின்றது. ஆலையில் நிற்காது. பிடித்த நஞ்சு எங்கே போகிறது, பிடிக்கிற வேலைக்குக் கூலியாக எதைக் கேட்கிறது என்பதுதான் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்ல. கரியமில வாயு விளையாட்டுப் பொருளும் அல்ல. ஆலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுகிறது; சூடேற ஏறப் பெருமழை பேய்மழையாகும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, ஓராண்டில் பெய்ய வேண்டியதற்கும் மேலாக! அந்த வெள்ளத்தில் வீடிழந்தவன் எவன்? மாடியில் இருந்தவனா, குடிசையில் இருந்தவனா? ஆகவே அந்த வாயு குறையத்தான் வேண்டும். குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேறு எதைக் கூட்டுகிறார்கள் என்று கேட்பது ஏழையின் உரிமை.

கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். நிலக்கரிப் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்குதான் கரியமில வாயு. மீதியில் பெரும்பகுதி ஒன்றுமறியாத நைட்ரஜன். திருவிழாக் கூட்டத்தில் கறுப்புச் சட்டைக்காரர்களை மட்டும் தேடிப் பிடிப்பது போன்ற வேலை அது! அதற்காக உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டி, உள்ளே அமின் என்னும் வேதிக் கரைசலை மழைபோல் பொழிகிறார்கள். கீழிருந்து மேலேறும் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் அந்தக் கரைசல் பற்றிக்கொள்ளும். பற்றியதை விடுவிக்க இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். வாயு தனியே வரும். கரைசல் திரும்பவும் முதல் கோபுரத்துக்குப் போகும். இரவும் பகலும் இதே சுற்று.

காய்ச்சுவதற்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது? மின்சாரம் தயாரிக்க டர்பைனைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அதே நீராவியிலிருந்து! பிறகு வாயுவை நூறு மடங்கு அழுத்தத்துக்கு மேல் அமுக்கிக் குழாயில் ஏற்ற வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். காவல்காரனுக்கே கால்படி அரிசி போய்விட்டால் வீட்டுக்காரன் என்ன தின்பான்? இந்தக் கருவியை மாட்டிய நிலையம் அதே அளவு மின்சாரத்தை வெளியே தர, 10 முதல் 40 விழுக்காடு வரை கூடுதல் எரிசக்தி செலவாகும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2005-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதியது. பின்னர் வந்த கரைசல்கள் இந்தச் செலவைக் குறைத்திருக்கின்றன. ஒழித்துவிடவில்லை.

கால் பங்கு கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓட, நாளொன்றுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் டன் நம் நாட்டு நிலக்கரி வேண்டும். கால் பங்கு என்றால் இன்னும் இரண்டாயிரம் டன்னுக்கு நெருக்கம். அந்த இரண்டாயிரம் டன் வானத்திலிருந்து விழாது. எங்கோ ஒரு மண்ணைத் தோண்ட வேண்டும், எங்கோ ஓர் ஊரைக் கிளப்ப வேண்டும். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில், விளைந்து நின்ற பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைக் கண்டு கண் கலங்காத உழவன் உண்டா?

எரித்த பிறகு சாம்பல். நம் நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல்தான். கூடுதலாக எரிக்கும் இரண்டாயிரம் டன்னுக்குக் கூடுதலாக அறுநூறு, எழுநூறு டன் சாம்பல், ஒரு நாளைக்கு, ஓர் அலகுக்கு! கொத்துவேலைத் தோழருக்குச் சாம்பலைத் தெரியும். சாம்பல் கல்லாகவும் சிமெண்ட்டில் கலந்தும் அது அவர் கைக்கே வருகிறது. வராத சாம்பல் எங்கே இருக்கிறது என்பதை எண்ணூரில் போய்ப் பார்க்க வேண்டும். குழாயில் கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்தது, செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தில் குவிந்தது, காற்றடித்தால் சோற்றில் விழுந்தது. இறாலும் நண்டும் பிடித்த கழியில் சாம்பல் சேற்றைப் பிடித்த மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை ஏறி இறங்கினார்கள். அவர்களிடம் போய், "உங்கள் புகைபோக்கியில் கரியமில வாயுவைப் பிடித்துவிட்டோம்; அதற்காகச் சாம்பல் மட்டும் கொஞ்சம் கூடும்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

இது நம் கற்பனையல்ல. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் இதையே ஆராய்ந்து வெளியிட்டது. கருவி மாட்டினால் கந்தகப் புகை குறையும் என்றது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். கூடுதலாக எரிப்பதால் நைட்ரஜன் ஆக்சைடும் தூசும் ஏறக்கூடும் என்றது. அமோனியா மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கூடும் என்றது. எதனால்? அமின் கரைசல் கெட்டுச் சிதைவதால்.

அந்தக் கெட்டுப்போகும் கரைசலைத்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புகைபோக்கிக்குக் கீழே வேலை செய்பவனுக்கு மிக நெருக்கமான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள கரைசலுக்கு மோனோ எத்தனோலமீன் என்று பெயர். தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் கெடுக்கும், இரும்பையும் தின்னும். புகையில் உள்ள ஆக்சிஜனும் கந்தகமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கரைசல் பாழாவது இந்த வகையில் வழக்கமான கணக்கு. கிலோ கணக்குத்தானே என்று தோன்றும். 500 மெகாவாட் நிலையத்தில் நாளுக்குப் பத்தாயிரம் டன் பிடிப்பதாக வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: பத்து முதல் பதினைந்து டன் பாழான வேதிப்பொருள், ஒவ்வொரு நாளும்! அதில் ஒரு பகுதி ஆவியாகப் புகைபோக்கி வழியே போகும். மீதி, கரைசலைச் சுத்தப்படுத்தும் பாத்திரத்தின் அடியில் கறுத்த கசடாகத் தங்கும். அந்தக் கசடு அபாயக் கழிவு. அள்ளித்தான் ஆக வேண்டும். யார் அள்ளுவார்? பொறியாளர் பெருமகனா? பங்குதாரர் சீமானா?

கனடா நாட்டில் பவுண்டரி டேம் என்னும் நிலையத்தில், ஓர் அலகுக்கு இந்தக் கருவியை மாட்டி 2014-இல் திறந்தார்கள். மின் நிலையத்தில் பெரிய அளவில் உலகில் முதலாவது. திறந்த சில காலத்திலேயே கரைசல் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கெட்டது, செலவு எகிறியது, கருவி அடிக்கடி நின்றது. பணமும் படிப்பும் நிறைந்த நாட்டில் நடந்தது இது.

புகைபோக்கி வழியே போன ஆவி என்ன ஆகிறது? காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடோடு கூடி, நைட்ரோசமீன், நைட்ரமீன் என்று புதிய பொருள்களாக மாறக்கூடும். நைட்ரோசமீன் வகையில் பல, புற்றுநோய் விளைப்பவை. வெயிலில் ஓரளவு அழியும். நைட்ரமீன் அத்தனை எளிதில் அழியாது. மழையோடு இறங்கிக் குடிநீரில் கலக்க வழியுண்டு. நார்வே நாட்டார் மோங்ஸ்டாட் என்னும் இடத்தில் பெருங்கருவி அமைக்கத் திட்டமிட்டபோது இந்தக் கேள்வி எழுந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? பொதுச் சுகாதார நிறுவனத்தைக் கேட்டார்கள். அது 2011-இல் வரம்பு சொன்னது: இரண்டு வகையும் சேர்த்து ஒரு கன மீட்டர் காற்றில் 0.3 நானோகிராம், ஒரு லிட்டர் குடிநீரில் 4 நானோகிராம், அதற்கு மேல் கூடாது. நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! அத்தனை நுணுக்கமாக அளந்தார்கள். 2012-இல் சோதனை நிலையத்தைத் திறந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். முழு அளவுத் திட்டத்தைச் செலவுக்கு அஞ்சி 2013-இல் கைவிட்டார்கள்.

நம் நாட்டில் சாம்பல் குழாய் உடைந்தால் ஒட்டுப்போட எத்தனை நாள் ஆகிறது என்பதை எண்ணூர் மீனவரைக் கேளுங்கள். நானோகிராம் அளக்கும் கருவியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தண்ணீருக்கு வருவோம். உத்திரமேரூரில் நின்றுகொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசாமல் போனால் ஊரே நம்மை மன்னிக்காது. பல்லவர் காலத்தில் வெட்டிய வைரமேகத் தடாகம் இங்கே. ஏரி நிறைந்தால் நெல், வறண்டால் பட்டணத்துக்குப் பேருந்து. அப்படி வாழ்கிற ஊர். புகையைக் குளிர்விக்க நீர், கரைசலைக் குளிர்விக்க நீர், அமுக்கிய வாயுவைக் குளிர்விக்க நீர் என்று கருவி கேட்டுக்கொண்டே இருக்கும். நீரால் குளிர்விக்கும் நிலக்கரி நிலையத்தில் நீர்ச் செலவு ஏறத்தாழப் பாதியிலிருந்து தொண்ணூறு விழுக்காடு வரை கூடும் என்று ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. உலகத்து நிலக்கரி மின் நிலையங்களின் திறனில் 43 விழுக்காடு, ஆண்டில் ஒரு மாதமாவது நீர்ப் பஞ்சம் காணும் இடங்களில் இருக்கிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. கடலோரத்து நிலையம் கடல்நீரை எடுக்கும்; சூடாக்கித் திரும்பக் கொட்டும்; மீன் குஞ்சுக்கு அது வேறு சங்கடம். உள்நாட்டு நிலையம் ஆற்றையும் அணையையும் அல்லவா உறிஞ்சும்?

இனிப் பிடித்த வாயுவைக் கொண்டுபோகும் குழாய். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியா என்னும் சிற்றூர். 2020 பிப்ரவரி 22. மழையில் மண் சரிந்து, ஊருக்கு அருகே கரியமில வாயுக் குழாய் வெடித்தது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே போகாமல் பள்ளத்தில் படுக்கும். மக்கள் மூச்சுத் திணறிச் சாய்ந்தார்கள். காற்று கிடைக்காமல் வண்டிகளின் இயந்திரங்களே நின்றுபோயின. ஏறத்தாழ 200 பேர் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நல்ல வேளை, உயிர்ச் சேதம் இல்லை. அது மின் நிலையத்தில் பிடித்த வாயு அல்ல, பூமிக்கடியிலிருந்து எடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது, மூச்சுக்கும் தெரியாது.

அந்தக் குழாய் வாயுவை எங்கே கொண்டுபோனது? எண்ணெய்க் கிணற்றுக்கு! வற்றிய கிணற்றுக்குள் வாயுவைச் செலுத்தினால் எஞ்சிய எண்ணெய் மேலே வரும். பவுண்டரி டேம் வாயுவும் அதற்கே விற்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் பெட்ரா நோவா என்ற கருவி 2017-இல் தொடங்கியதும் அதற்கே. அந்தக் கருவியை ஓட்ட எரிவாயு மின் நிலையம் ஒன்றைத் தனியே கட்டினார்கள். அதன் புகையைப் பிடிக்கக் கருவி இல்லை! 2020-இல் எண்ணெய் விலை சரிந்தது. பெட்ரா நோவா நிறுத்தப்பட்டது. 2023-இல்தான் மறுபடி ஓடியது. பூமியைக் காக்கப் பிறந்த கருவி, எண்ணெய் விலைக்கு ஏற்ப உறங்குகிறது, விழிக்கிறது.

டெல்லிக்குத் திரும்புவோம். 2022 ஆகஸ்டில் தேசிய அனல் மின் கழகம் மத்தியப் பிரதேசத்து விந்தியாசலில் சோதனைக் கருவி ஒன்றைத் தொடங்கியது. நாளுக்கு 20 டன் பிடிக்கும். அந்த நிலையத்தின் திறன் 4,760 மெகாவாட். முழுமூச்சில் ஓடினால் நாளுக்கு ஒரு லட்சம் டன் அளவில் விடும். ஐயாயிரத்தில் ஒரு பங்கு! சோதனை என்றால் சிறிதாகத்தான் இருக்கும், அதைக் கேலி செய்யவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நிதி ஆயோக் நாடு முழுவதற்கும் கொள்கை வரைந்தது. மின் நிலையங்களும் அதில் அடக்கம். ஆக இது நாளைக்கு நம் வாசலுக்கு வரப்போகிற சேதி.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அமின் கரைசலுக்குக் கந்தகம் ஆகாது. ஆகவே கரியமில வாயுவைப் பிடிக்கு முன் கந்தகப் புகையைத் துப்புரவாகக் கழுவியாக வேண்டும். கந்தகம் கழுவும் கருவி புதியதல்ல, உலகத்துக்குப் பழையது. அதற்கான வரம்பை 2015 டிசம்பரில் ஒன்றிய அரசே விதித்தது. 2017-க்குள் என்றார்கள். தவணை கேட்டார்கள், கொடுத்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி கொடுத்தார்கள். கடைசியில் 2025 ஜூலையில், நாட்டிலுள்ள நிலக்கரி அலகுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கமானவற்றுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்களித்தார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவி மாட்டினால் தண்ணீரும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும் என்றெல்லாம் காரணம் வந்தது. அந்தக் காரணம் கரியமில வாயுக் கருவிக்குப் பல மடங்கு பொருந்துமே ஐயா! சின்னக் கருவிக்குத் தண்ணீர் இல்லை, பெரிய கருவிக்கு மட்டும் எந்தக் கங்கை வரும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத பிரமுகர் கிடையாது. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்த ஊர்க் கல்லைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய எழுத்து, குடவோலை முறை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. நிலமும் வேதமும் உள்ளவனுக்குத்தான் ஓலையில் பெயர். அதை மறைத்துப் புகழ் பாடுவது நம் வேலையல்ல. ஆயினும் அந்தக் கல்லில் ஒரு விதி இருக்கிறது. ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமா? அவன் தந்தை, மகன், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான் வரை கூடாது!

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஏரிக்குக் கேட்ட கணக்கைத்தான் நாம் புகைபோக்கிக்குக் கேட்கிறோம். எத்தனை டன் பிடித்தோம் என்ற ஒற்றை எண்ணைப் பலகையில் எழுதி மாட்டினால் போதாது. அதைப் பிடிக்க எத்தனை டன் கூடுதலாக எரித்தீர்கள்? எத்தனை லிட்டர் குடித்தீர்கள்? எத்தனை கிலோ கரைசல் வாங்கினீர்கள், எத்தனை கிலோ கெட்டது, கெட்டது எந்த லாரியில் எந்த ஊருக்குப் போனது? பிடித்த வாயு இப்போது எங்கே இருக்கிறது, மண்ணுக்குள்ளா, கண்ணாடி உலையிலா, எண்ணெய்க் கிணற்றிலா? மாதந்தோறும், தமிழில், நிலையத்தின் வாசலில் எழுதி வையுங்கள்.

புதிய அனல் மின் நிலையம் வரும்போதும் விரிவாக்கம் வரும்போதும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை அதற்கு வழி வைத்திருக்கிறது. முப்பது நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும், சுருக்க அறிக்கை ஊர்மொழியில் தர வேண்டும். அந்தக் கூட்டங்களில் பந்தலும் போலீசும் நிறைந்திருக்கும், கேள்வி மட்டும் குறைவாக இருக்கும். "கரியமில வாயுவைப் பிடிக்கப் போகிறோம்" என்று மேடையில் சொன்னவுடன் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள் தோழர்களே. மேலே கேட்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

இத்தனையும் அந்த இரவில் சொல்ல நேரமில்லை. "எண்ணூர்க்காரன் பிழைக்கவில்லை தோழரே. புகையில் உள்ள ஒன்றைப் பிடிக்கிறார்கள். சாம்பல் இருந்த இடத்தில் இருக்கிறது, இன்னும் கூடவும் செய்யும்" என்றோம். பிறகு கரைசலைப் பற்றியும் அடியில் தங்கும் கசட்டைப் பற்றியும் சொன்னோம்.

அவர் கண்ணாடிக் குவளையைத் திருப்பி வைத்தார். "அந்தத் தொட்டியைக் கழுவ ஆள் எறங்கணுமா அண்ணே?"

"பழுது பார்க்கும்போது இறங்க வேண்டி வரும்" என்றோம்.

"அது ஒப்பந்த ஆளுதான்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

பேருந்து வந்துவிட்டது. ஏறும்போது சன்னல் அருகே வந்து, மைத்துனரிடம் கேட்டு எழுதுவதாகச் சொன்னார்: இப்போது சாம்பலுக்கு என்ன முகமூடி கொடுக்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒன்று, அதற்குக் கூலியில் பிடிக்கிறார்களா இல்லையா என்று.